மூன்றாம் கிணற்றின் செத்த கோடு

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எழுதிவிடலாம் என்று உட்காருவேன், பேனாவை எடுப்பேன், அப்புறம் மரியபுஷ்பத்துக்குப் புத்தி பிசகிப்போச்சு என்று தெருவில் நாலு பேர் சொல்லுவார்களே என்ற நினைப்பு வந்து, எழுந்துபோய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்துவிடுவேன். இப்போது என் மகள் ஆக்னஸ்தான், "நீ சொல்லும்மா, நான் போன்ல அடிச்சுத் தாரேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப்பிழை இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள். நடந்தது மட்டும் என் பொறுப்பு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேய், பிசாசு, காத்துக்கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. காலையில் எழுந்ததும் செபம், விளக்கு வைத்ததும் செபமாலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, இதுதான் என் வாழ்க்கை. எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது "உப்பளத்துப் பக்கம் ஒரு உருவம் நின்னுதாம்" என்று யாராவது ஆரம்பித்தால், அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிக் குடத்தை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். அதுவும் இது இருட்டில் நடந்தது இல்லை. நல்ல பகல், ஏசி ஓடுகிறது, தலைக்கு மேலே டியூப்லைட், சுற்றிலும் கம்ப்யூட்டர். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன், என் இடத்தில் நீங்கள் இருந்து இன்னொருவர் சொன்னால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் கடல் தண்ணீரை எடுத்து ஓடுகிற ஆலைகள் பல உண்டு. அதில் ஒன்றில் நான் துப்புரவு வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். எனக்குக் கன்ட்ரோல் ரூம் வேலை. தரை துடைக்க வேண்டும், மேசை துடைக்க வேண்டும், திரைகளில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் சுவர் முழுக்கத் திரை. ஆலை மொத்தத்தையும் அதில் படமாகப் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு தொட்டி, அங்கே ஒரு பம்பு, நடுவில் குழாய்கள், எல்லாம் பிள்ளைகள் நோட்டில் வரைந்த மாதிரி. பம்பு ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. எங்கோ வெளியே வெயிலில் கிடக்கிற வால்வை இங்கே உட்கார்ந்து மவுசால் அமுக்கித் திறப்பார்கள். ஸ்காடா என்று அதற்குப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது, வாயைப் பிளந்து பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது, மீன் கடையில் மீன் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது.

இனி அந்தக் கிணறுகளைச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. கடலிலிருந்து தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வந்து மூன்று பெரிய கிணறுகளில் சேரும். வட்டக் கிணறு இல்லை, சிமெண்டில் கட்டிய சதுரக் கிணறு, மேலே தளம் போட்டு மூடி, ஆள் இறங்க ஒரு வாய் மட்டும் விட்டிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பம்பு. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவில் உள்ள சுவரில், அடியில், ஆள் நுழைகிற அளவு ஒரு வழி உண்டு. அதை ஒரு இரும்புப் பலகை வைத்து மூடுவார்கள், திறப்பார்கள். கிணற்றுக்குள் கம்பித் தடுப்பு இருக்கும், அதில் சிப்பியும், கல் மாதிரி ஒட்டுகிற கொட்டலசும் அப்பிக்கொள்ளும். விட்டால் தண்ணீர் வராது. அதனால் வருடா வருடம் ஆளை இறக்கிச் சுரண்ட வேண்டும். அதற்குச் சங்குகுளிக்கிற ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்ரசரில் ஒரு காற்றுக் குழாய், இடுப்பில் ஒரு கயிறு, மேலே கயிறு பிடிக்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் லூர்து சங்குகுளிக்கிறவர். அவருடைய முன்னோர் எல்லாம் முத்துக்குளித்தவர்கள். காற்றுக் குழாய் இல்லாத காலம் அது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார்களாம், மேலே தோணியில் இருப்பவன் கையில் கயிறு. அந்தக் கயிறுதான் பேச்சு.

ஆக்னஸ் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தோம். சமைத்துக்கொண்டே ஆட்ட வசதியாக அதில் ஒரு நீளக் கயிறு கட்டி அடுப்படி வரை கொண்டுவந்து என் கையில் சுற்றிக்கொள்வேன். இவர் கடலுக்குப் போகாத நாளில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை சிணுங்க ஆரம்பித்ததும் வாயால் கூப்பிட மாட்டார். கயிற்றை இழுப்பார். இரண்டு நீளம், ஒரு குட்டை. அப்படி என்றால் பிள்ளையைத் தூக்கு என்று அர்த்தம்.

"இதென்ன கூத்து, வாயத் தொறந்து கூப்பிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஏளா, இது எங்க முத்துக்குளி ஆளுவ அடையாளம். ரெண்டு நீளம் ஒரு குட்டைன்னா, என்னத் தூக்குன்னு அர்த்தம். இப்பத்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி படபடன்னு இழுக்கானுவ. இத இப்ப யாரும் வச்சிக்கிடல. பிள்ளைக்காவது ஒதவட்டும்" என்று சிரித்தார்.

அப்புறம் பிள்ளை வளர்ந்துவிட்டாள், தொட்டிலைக் கழற்றிவிட்டோம், நானும் அதை மறந்தே போனேன்.

நடந்தது ஆயுத பூஜை அன்று. அன்றைக்கு ஆலை பாதி ஓட்டத்தில்தான் இருக்கும், எல்லோரும் பூஜைக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அது பண்டிகை இல்லை என்பதால் கிணறு சுத்தம் செய்கிற வேலையை அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு வைத்துவிடுவார்கள், எனக்கும் அன்று டியூட்டி போட்டுவிடுவார்கள். நான் முகம் சுளித்தது இல்லை. செந்தில் சார் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் நானும் திரைகளின் ஓரத்தில் பொட்டு வைத்துக் கொடுப்பேன். சோறு போடுகிற பொருள், அதற்கு ஒரு மரியாதை.

செந்தில் சார்தான் அன்றைக்கு ஷிப்ட் இன்ஜினியர். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, நெற்றியில் விபூதி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். காலையில் அவரே என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு ரெண்டாம் கிணத்துல எறங்கியாச்சு. பாருங்க, ரெண்டாம் பம்புக்குப் பூட்டுப் போட்டுட்டேன். இனிமே நானே நெனச்சாலும் அது ஓடாது. நிம்மதியா வேலையப் பாருங்க."

இரண்டாம் பம்புப் படத்தின் மேல் மஞ்சளாக ஒரு பூட்டுப் படம் தொங்கியது. அதைப் பார்த்து மனசுக்குள் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு துடைக்கிற வேலையைப் பார்த்தேன்.

உச்சி நெருங்கும்போது பம்பு ஹவுசிலிருந்து போன் வந்தது. அங்கே ஃபோர்மேன் சுடலை அண்ணாச்சி, நல்ல மனிதர், சத்தமாகத்தான் பேசுவார். செந்தில் சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பூசை முடிஞ்சுது, பூசணிக்காயும் ஒடைச்சாச்சு. மூணாம் பம்ப ஒரு சுத்து சுத்திக் குடுங்க. நல்ல நேரம் போயிரும்."

பூஜை போட்ட இயந்திரத்தைச் சூடம் காட்டியதும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிற மாதிரி. முதல் பம்பு ஓடிக்கொண்டு இருந்தது, இரண்டாவதில் பூட்டு, சும்மா நின்றது மூன்றாவதுதான்.

"சுண்டல் வருமா வராதா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் செந்தில் சார்.

"பம்ப சுத்துங்க, சுண்டல் தன்னால வரும்."

"தண்ணி மட்டம் பாத்துட்டியளா? இங்க மூணுக்குக் கோடு செத்துக் கெடக்கு."

"அதெல்லாம் நல்லா கெடக்கு. சுத்துங்க சார்."

செத்த கோடு என்று அவர்கள் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கும், அது காட்டுவது திரையில் ஒரு கோடாக ஊர்ந்துகொண்டே போகும். மூன்றாம் கிணற்றுக் கருவி உப்புத் தின்று கெட்டுப்போய், கழற்றி ஒர்க்‌ஷாப்பில் வைத்திருந்தார்கள். அதன் வயர் நுனியில் டேப் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தது. அதனால் அந்தக் கோடு திரையின் அடியில் ஆடாமல் அசையாமல் கிடக்கும். வாரக்கணக்காக நான் தினமும் அதைத் துடைக்கிறேன், ஒரு துளி அசைந்து பார்த்ததில்லை.

செந்தில் சார் மூன்றாம் பம்பின் படத்தைப் பெரிதாக எடுத்துப் போட்டார். நான் அதற்கு நேர் எதிரே துணியோடு நின்றேன். அவர் பம்பை அமுக்கினார். 'ஓட்டவா, வேண்டாமா' என்று கேட்கிற சின்னப் பெட்டி வந்து நின்றது.

அப்போது அந்தக் கோடு அசைந்தது.

எறும்பு என்று நினைத்தேன். சாமி சத்தியமாக எறும்பு என்றுதான் நினைத்து, துணியை வைத்துத் துடைத்தேன். துணிக்கு அடியில் எதுவும் இல்லை. கோடு மறுபடியும் எழும்பியது. மெதுவாக மேலே போய், நின்று, இறங்கியது. மறுபடியும் அதே மாதிரி மெதுவாக. அப்புறம் வெடுக்கென்று சின்னதாக ஒன்று. அப்புறம் சும்மா கிடந்தது. அப்புறம் மறுபடியும், நீளம், நீளம், குட்டை.

என் மூளைக்கு ஒன்றும் எட்டவில்லை. என் உடம்புக்குத்தான் முதலில் தெரிந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைத்தால் பொய்யாகிவிடும். பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் கனக்குமே, அப்படி நெஞ்சு கனத்தது. ஆக்னஸ் அப்போது ஒன்பதாவது படிக்கிறாள். என் இரண்டு கைகளும் தானாக முன்னால் நீண்டன, தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி எடுக்கப் போகிற மாதிரி. துணி கீழே விழுந்துவிட்டது.

"தூக்குங்க!" என்று கத்தினேன். "தூக்குங்க சார், தூக்குங்க!"

பாவம், அவர் பயந்துபோய் மவுசிலிருந்து கையைத்தான் தூக்கினார்.

"என்னக்கா? என்னாச்சு?"

"எங்க வீட்டுக்காரர் கூப்பிடுதார் சார்."

"எங்கேருந்து கூப்பிடுதாரு?"

நான் கோட்டைக் காட்டினேன். அவர் பார்க்கப் பார்க்க அது மறுபடியும் எழும்பியது. நீளம். நீளம். குட்டை. செந்தில் சாரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா," என்றார் மெதுவாக, "இதுக்கு வயரே இல்லியே."

போனில் அண்ணாச்சி, "சார், நேரம் போவுது, சுத்துங்க" என்றார்.

நான் இன்றைக்கும் அந்தப் பிள்ளைக்காகச் செபிக்கிறேன் என்றால் இதற்காகத்தான். இன்னொருவராக இருந்தால், போக்கா அங்கிட்டு, இதெல்லாம் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிட்டு அமுக்கியிருப்பார். சொன்னாலும் தப்பில்லை, பூட்டு இரண்டாவதில் தொங்குகிறது, ஆள் இரண்டாவதில் இருக்கிறார், கம்ப்யூட்டருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதுதானே அதற்குத் தெரியும். செந்தில் சார் அந்தச் சின்னப் பெட்டியில் 'வேண்டாம்' என்பதை அமுக்கினார். அமுக்கிவிட்டு மூன்றாம் பம்புக்கும் ஒரு பூட்டைப் போட்டார்.

"ஓட்டல அண்ணாச்சி. நேரம் போனாப் போவட்டும். ஓடிப்போய் வெளிய கயிறு பிடிக்கிற ஆள்ட்ட போனக் குடுங்க."

கயிறு பிடித்தது என் கொழுந்தன் சேவியர். பக்கத்தில் கம்ப்ரசர் அலறுகிற சத்தத்தோடு அவன் குரல் வந்தது. நான் குறுக்கே பாய்ந்து பேசினேன்.

"ஏலே சேவியர், ஒங்க அண்ணன் எங்கலே?"

"மதினியா? நீங்க எங்கன இருந்து பேசுதிய? அண்ணன் கீழதான் கெடக்கு. குமிழி நல்லா வருது மதினி, ஒண்ணுமில்ல."

"கயித்த இழுத்துப் பாரு."

"வேல செய்யுத ஆள எதுக்கு இழுக்க? அப்பறம் மேல வந்து என்னயப் போட்டு..."

"இழுலே!"

கொஞ்ச நேரம் கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் பேசினான், அது வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது.

"மதினி, கயிறு வரல. கல்லுல கட்டுன மாதிரி நிக்குது."

நடந்தது இதுதான், பிறகு தெரிந்தது. இவர் கையிலிருந்த சுரண்டுகிற உளி நழுவி, அடியில் இருந்த அந்த வழியாக மூன்றாம் கிணற்றுப் பக்கம் போய்விட்டது. பலகை தூக்கி வைத்திருந்ததால் எடுத்துவிடலாம் என்று இவரும் நுழைந்திருக்கிறார். உடம்பு அந்தப் பக்கம் போனதும் துருப்பிடித்த பலகை இறங்கிவிட்டது. பின்னால் இருந்த கால், கயிறு, காற்றுக் குழாய் மூன்றும் அதற்கு அடியில். நசுங்கின குழாயிலிருந்து கசிந்த காற்றுதான் இரண்டாம் கிணற்றில் குமிழியாக வந்து சேவியரை ஏமாற்றிக்கொண்டு இருந்தது. இவருக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம் காற்றுதான். அந்த நிலையில் மூன்றாம் பம்பு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

சேவியர் கம்ப்ரசரை விட்டுவிட்டு வெறும் மூச்சில் குதித்தான். அவன் கொண்டுபோன கயிற்றைப் பலகையின் வளையத்தில் மாட்ட, பூஜைக்கு வந்த அத்தனை பேரும், புது வேட்டியும் மார்பில் சந்தனமுமாக, அண்ணாச்சி முன்னால் நின்று இழுத்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க அங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் செந்தில் சார்.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. கோடு இன்னும் இழுத்துக்கொண்டு இருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுத்தால் கயிற்றை விட்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன். அருள்நிறைந்த மரியே சொல்கிறேன், பாதியில் வார்த்தை மறந்துபோகிறது, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன், கண் மட்டும் கோட்டில். பக்கத்தில் முணுமுணுவென்று சத்தம் கேட்டது. செந்தில் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவரும் கோட்டையே பார்த்துக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார். அந்த அறையில் அத்தனை கம்ப்யூட்டருக்கு நடுவே இரண்டு பேரும் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

திடீரென்று கோடு படுத்துவிட்டது. என் உயிரும் கூடவே படுத்துவிட்டது. கூப்பிட்டது நின்றுபோச்சு என்றால் என்ன அர்த்தம் என்று நினைக்கவே பயந்துபோய்க் கிடக்கிறேன், அப்போதுதான் போனில் அண்ணாச்சி அழுகிற குரலில் கத்தினார்.

"தூக்கியாச்சு தாயி! மூச்சு இருக்கு! தூக்கியாச்சு!"

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். கால் எலும்பு நொறுங்கிப்போச்சு, இன்றைக்கும் சாய்ந்துதான் நடப்பார், கடலுக்குப் போவதில்லை. வீட்டிலேயே கம்ப்ரசர் மோட்டார் பழுது பார்க்கிறார். உயிர் இருக்கிறதே, அது போதும்.

அவருக்குப் பேச்சுத் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"ரெண்டு நீளம், ஒரு குட்ட இழுத்தியள்லா? எனக்குத் தெரிஞ்சுது."

அவர் என்னையே பார்த்தார்.

"ஏளா, உசுரு போற நேரத்துல தொட்டில் வெளையாட்டா ஞாபகம் வரும்? படபடன்னு இழுத்தேன், நாயி மாதிரி இழுத்தேன். ஒண்ணும் மேல போவல. பலகை பிடிச்சுக்கிட்டுல்லா கெடந்துச்சு."

நான் கன்ட்ரோல் ரூமில் பார்த்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் மீதியைச் சொன்னார்.

"கை ஓய்ஞ்சுபோய் நான் இழுக்கறத விட்டுட்டேன், புஷ்பம். அதுக்கப்பறம் கயிறு என் கைக்குள்ள இழுத்துச்சு. நிதானமா. நான் இருக்கேன்னு சொல்லுத மாதிரி."

"சேவியரா இருக்கும்."

"சேவியர் மேல இருக்கான். இது கீழ இருந்து இழுத்துச்சு."

என் செபமாலையை எடுத்து அவர் கையில் சுற்றிவிட்டேன்.

ஆலையிலும் சும்மா விடவில்லை. அந்த ஸ்காடாவைச் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு சார் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர், என்னையும் உட்காரவைத்துக் கேட்டார். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்குமாம், அந்த நேரத்துக் கோட்டை எடுத்துப் பார்த்தார், நாங்கள் பார்த்தது அப்படியே இருந்தது. பம்பு ஹவுசில் பூஜைக்குப் போட்ட சீரியல் பல்பு விட்டு விட்டு எரிந்ததில், ஆணியில் தொங்கிய வயர் மின்சாரத்தை இழுத்திருக்கும், அதுதான் கோட்டில் ஆடியிருக்கும் என்று சொன்னார். இருக்கலாம். படித்தவர் சொல்கிறார், நான் மறுத்துப் பேசவில்லை. சீரியல் பல்புக்கு எங்கள் வீட்டுத் தொட்டில் அடையாளம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பல்பை அன்றைக்குச் சாயங்காலம்தான் அணைத்தார்கள், கோடு உச்சிப்பொழுதிலேயே படுத்துவிட்டதே என்றும் விளங்கவில்லை. அவரிடம் அதைக் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் ஆண்டவர் ஒரு அற்புதம் செய்தார் என்று நன்றி சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்திருப்பேன். என் வீட்டுக்காரர் கூப்பிட்டார், அல்லது அவருக்காக யாரோ ஒரு புண்ணிய ஆத்துமா கூப்பிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டும் இருந்தேன். எழுதியே தீர வேண்டும் என்று ஆனது அதற்குப் பிறகு நடந்ததால்தான்.

மூன்றாம் கிணற்றுக்குப் புதுக் கருவி போட்டுவிட்டார்கள். வயர் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டத்தை ஒழுங்காகக் காட்டுகிறது, அதைச் செத்த கோடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை. போன தவக்காலத்தில் ஒரு நாள், எனக்கு விடுமுறை, வீட்டில் இருக்கிறேன். செந்தில் சாரிடமிருந்து போன்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"இங்கனதான் சார், வாசல் முத்தத்துல உக்காந்து மோட்டாரக் கழட்டிக்கிட்டு இருக்கார். ஏன் சார்?"

பின்னால் அந்த அறையின் ஏசி இரைச்சல் கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போன வைங்க."

மறுநாள் வேலைக்குப் போனபோது அவரே சொன்னார். ஆயுத பூஜை இல்லை, பல்பு இல்லை, கிணற்றில் ஆள் இல்லை, கடல் அசையாமல் கிடந்த பகல். புதுக் கோடு நிமிர்ந்து, நிமிர்ந்து, வெடுக்கென்று ஒன்று. மறுபடியும். அவர் யாரிடமும் காரணம் சொல்லாமல் மூன்று பம்பையும் நிறுத்தி, சேவியரை வரவழைத்து மூன்று கிணற்றிலும் இறக்கித் தேடியிருக்கிறார். மணலும் சிப்பியும்தான் இருந்தன.

எனக்கு இதில் பயம் இல்லை. பயம் என்று சொன்னால் அது சரியான வார்த்தை இல்லை. கோவிலில் பெரிய மணி அடித்து ஓய்ந்ததும் நெஞ்சுக்குள் ஒன்று நிற்குமே, அது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த அடையாளத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என்னைத் தூக்கு. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்காகக் கீழே இருந்து கயிற்றைப் பிடித்தவரை இன்னும் யாரும் தூக்கவில்லை. இந்தக் கடலில் கல்லைக் கட்டி இறங்கி மேலே வராதவர்கள் எத்தனை பேர், யார் யார், எனக்குத் தெரியாது. கல்லறைத் திருநாளுக்குப் பெயர் தெரியாத அவருக்காக ஒரு பூசை கொடுக்கிறேன். பங்குச் சாமியார் யார் பெயருக்கு என்று கேட்டார், கயிற்றின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்றேன். அவர் அப்படியே சொல்லி ஒப்புக்கொடுத்தார். நான் இப்போதும் தினமும் அந்தத் திரையைத் துடைக்கிறேன். அந்தக் கோட்டின் மேல் மட்டும் துணியை வைப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொன்னால் இதே மாதிரி சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. இரண்டு நீளம், ஒரு குட்டை, அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நான் அந்தத் திரைக்கு முன்னால் இல்லாத நாளில் அவர் கூப்பிட்டால், பார்க்கிறவருக்கு அது விளங்க வேண்டும்.